மூன்றாம் ஆண்டு ஜனவரி: கல்லூரி ஃபுட்பால் வீரர்கள் பாதியில் விலகுவது ஏன்?

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் ஒரு வீரருக்கு வழக்கமாகக் கிடைப்பது நான்கு பருவங்கள். அந்த நான்கையும் ஐந்து ஆண்டுகளுக்குள் ஆடி முடித்துவிட வேண்டும். ஆட்டத்தில் இறங்காமல் பயிற்சியில் மட்டும் கழிக்கும் ஆண்டுக்கு ‘ரெட்ஷர்ட்’ என்று பெயர். நம்மவர்கள் கால்பந்து என்று சொல்லும் ஆட்டம் அங்கே ‘சாக்கர்’. இங்கே பேசப்படுவது தலைக்கவசமும் தோள்காப்பும் அணிந்து, முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடும் ஆட்டம். பருவத்தின் கடைசி உள்ளூர்ப் போட்டியன்று இறுதியாண்டு வீரர்களைப் பெற்றோருடன் மைதான நடுவே நிறுத்தி மரியாதை செய்வார்கள். அதற்கு ‘சீனியர் டே’ என்று பெயர். நான்கு ஆண்டுகளுக்கு முன் சேர்ந்த கூட்டத்தில் எத்தனை பேர் அந்த வரிசையில் நிற்கிறார்கள் என்று அணியின் கல்வி ஆலோசகர்கள் எண்ணிப் பார்ப்பது உண்டு. வந்தவர்களைவிட நிற்பவர்கள் எப்போதும் குறைவாகவே இருப்பார்கள்.

குறைவாக இருந்தே தீர வேண்டும் என்பது கணக்கிலேயே எழுதியிருந்தது. உயர்மட்டக் கல்லூரி அணி ஒன்று 85 பேருக்குத்தான் ஸ்காலர்ஷிப் தரலாம் என்பது பல பத்தாண்டுகள் நடப்பில் இருந்த விதி. ஆண்டுக்கு 25 புதியவர்கள் வரை எடுக்கலாம் என்றும் இருந்தது. நான்கு ஆண்டுகளில் நூறு பேர் ஆகிவிடும். ஐந்தாம் ஆண்டு ரெட்ஷர்ட் வீரர்களையும் சேர்த்தால் இன்னும் கூடும். இடமோ 85. எல்லாரும் தங்கினால் புதியவர்களை எடுக்க முடியாது. ஆகவே சிலர் போய்த்தான் ஆக வேண்டும் என்ற எதிர்பார்ப்பில்தான் ஒவ்வொரு பயிற்சியாளரும் ஆள் சேர்த்தார். வீரர் விலகினால் விசுவாசமற்றவர் என்று ஊர் பேசும்போது இந்தக் கூட்டல் கழித்தலை யாரும் நினைவுபடுத்துவதில்லை.

விலகும் வழிகள் பல. தொழில்முறை லீகான என்.எஃப்.எல்.லுக்குப் போகிறவர்கள் செய்தியாகிறார்கள். வேறு கல்லூரிக்கு மாறுகிறவர்கள் எண்ணிக்கையில் அதிகம். காயத்தாலோ தேர்வில் தவறியோ வீட்டுக் கவலையாலோ பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊர் திரும்புகிறவர்கள் யார் கண்ணிலும் படுவதில்லை.

என்.எஃப்.எல். வழியின் வரலாறு நூறாண்டுப் பழையது. 1925 நவம்பர் 21 அன்று இல்லினாய் பல்கலைக்கழகத்துக்காகக் கடைசி ஆட்டம் ஆடிய ரெட் கிரேஞ்ச், ஐந்தே நாளில் சிகாகோ பேர்ஸ் அணியின் சீருடையில் களமிறங்கினார். பட்டம் வாங்கவில்லை. நாடே கொந்தளித்தது, கல்லூரிகள் தங்கள் பிள்ளைகளைத் தொழில்முறை லீக் கொத்திக்கொண்டு போகிறது என்று குற்றம் சாட்டின. அன்று பலவீனமாக இருந்த என்.எஃப்.எல். கல்லூரிகளைப் பகைத்துக்கொள்ள முடியாத நிலையில், உடன் படித்தவர்கள் பட்டம் பெறும் காலம் வரும்வரை எந்த மாணவரையும் எடுப்பதில்லை என்று 1926-இல் ஒப்புக்கொண்டது. இந்த விதியால் கல்லூரிகளுக்கு இலவசமாக ஆடும் வீரர்கள் உறுதியானார்கள். லீகுக்கோ, யாரோ செலவழித்துப் பயிற்சி கொடுத்து முடித்த வீரர்கள் வந்து சேர்ந்தார்கள். வீரர்களை யாரும் கேட்கவில்லை.

1983-இல் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் ஹெர்ஷல் வாக்கர் அந்த வேலியைச் சுற்றிக்கொண்டு போனார். கல்லூரி ஆட்டத்தின் உயரிய விருதான ஹைஸ்மன் கோப்பையை முந்தைய பருவத்தில் வென்றிருந்தார். என்.எஃப்.எல். எடுக்காது என்பதால், அப்போது புதிதாக முளைத்த யு.எஸ்.எஃப்.எல். என்ற போட்டி லீகில் சேர்ந்தார். 1989-இல் ஓக்லஹோமா ஸ்டேட் வீரர் பேரி சாண்டர்ஸ் விஷயத்தில் என்.எஃப்.எல்.லே இறங்கிவந்தது. முந்தைய ஆண்டு 2,628 கஜம் ஓடி ஹைஸ்மன் வாங்கியவர் அவர். அவருடைய கல்லூரி விதிமீறலுக்காகத் தண்டிக்கப்பட்டிருந்த நிலையில் அவருக்குச் சிறப்பு விலக்கு அளிக்கப்பட்டது. மறு ஆண்டே, 1990-இல், பள்ளி முடித்து மூன்றாண்டுகள் ஆன எவரும் டிராஃப்டுக்கு வரலாம் என்று விதி திறந்தது. வீரர்களை அணிகள் சுற்றுச் சுற்றாக, வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் நிகழ்வுதான் டிராஃப்ட். இதில் வீரருக்குத் தன் அணியைத் தேர்ந்துகொள்ளும் உரிமை கிடையாது.

அந்த மூன்றாண்டு வரம்பை உடைக்க ஒருவர் முயன்றார். 2002 பருவத்தில் முதலாண்டு மாணவராகவே ஒஹாயோ ஸ்டேட் அணிக்குத் தேசியப் பட்டம் வாங்கித்தர உதவிய மாரிஸ் கிளாரெட், அடுத்த பருவம் முழுக்க விலக்கி வைக்கப்பட்டார். நீதிமன்றம் போனார். 2004 பிப்ரவரியில் வென்றார். மே மாதம் மேல்முறையீட்டில் தோற்றார். வரம்பு என்பது லீகும் வீரர் சங்கமும் பேசி முடிவு செய்யும் வேலை நிபந்தனை என்று தீர்ப்பானது. அந்தத் தீர்ப்பை எழுதிய நீதிபதி சோனியா சோட்டோமேயர் பின்னர் உச்ச நீதிமன்றம் சென்றார். கிளாரெட்டை 2005-இல் டென்வர் அணி 101-ஆவது ஆளாக எடுத்தது. முறையான பருவ ஆட்டம் ஒன்றில்கூட அவர் களமிறங்கவில்லை. இரண்டு ஆண்டு ஆடாமல் இருந்த ஓட்டக்காரரை யாரும் பழைய விலைக்கு வாங்கமாட்டார்கள்.

இங்கேதான் இந்தத் தொழிலின் அடிப்படை இருக்கிறது. ஃபுட்பால் வீரரின் உடல் நாள்பட நாள்பட விலை குறையும் சரக்கு. எல்லாரைவிடவும் வேகமாகக் குறைவது ரன்னிங் பேக்கின் உடல். பந்தை வாங்கிக்கொண்டு எதிரணிச் சுவருக்குள் நுழைவது அவர் வேலை. ஒரு பருவத்தில் இருநூறு, முந்நூறு முறை அப்படி நுழைகிறார். ஏறக்குறைய ஒவ்வொரு முறையும் தரையில் சாய்க்கப்படுகிறார். கல்லூரிகளுக்கு வந்து பார்க்கும் என்.எஃப்.எல். தேர்வாளர்கள் இதைக் குறிப்பேட்டில் எழுதி வைக்கிறார்கள். அவர்கள் வழக்கில் அதற்கு டயர் தேய்மானம் என்று பெயர். நான்காம் ஆண்டும் தங்கி இன்னொரு முந்நூறு அடி வாங்கினால் கல்லூரிக்கு டிக்கெட் விற்கும். வீரருக்கு மதிப்பு இறங்கும்.

தென் கரோலினாவின் மார்கஸ் லாட்டிமோரை இந்தத் துறையில் இருக்கும் எவரும் மறக்கமாட்டார்கள். முதலாண்டிலேயே நாடறிந்த ரன்னிங் பேக். ஆனால் மூன்றாண்டு விதியால் காத்திருந்தாக வேண்டும். 2011 அக்டோபரில் ஒரு முழங்கால் போயிற்று. மீண்டுவந்தார். 2012 அக்டோபரில் மறு முழங்கால், தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்ளும்படி, மூட்டோடு கழன்றது. சான் ஃபிரான்சிஸ்கோ அணி நான்காம் சுற்றில் எடுத்து, குணமாகக் காலமும் கொடுத்தது. ஓர் ஆட்டம்கூட ஆடாமல் 2014-இல் ஓய்வு பெற்றார். அவருக்குப் பின் வந்த ஓட்டக்காரர் எவரிடமும் ‘நான்காம் ஆண்டு தங்கு’ என்று மனச்சாட்சியோடு சொல்ல முடியாமல் போயிற்று.

குவார்ட்டர்பேக்குகளின் கணக்கு வேறு. பந்தை எறிபவருக்குத் தலைக்குள் இருக்கும் ஆட்டம்தான் முதல். இன்னொரு பருவம் அவருக்குப் பாடமாகும். டென்னசியின் பெய்டன் மேனிங் 1997-இலும் ஸ்டான்ஃபோர்டின் ஆண்ட்ரூ லக் 2011-இலும் போகலாம் என்ற நிலையில் தங்கினார்கள். இருவரும் மறு ஆண்டு டிராஃப்டில் முதல் ஆளாகவே எடுக்கப்பட்டார்கள். ஆனால் அதே முடிவை எடுத்த தென் கலிஃபோர்னியாவின் மேட் லைனார்ட், முதலிடம் கிடைக்கும் என்று பேசப்பட்ட ஆண்டைத் தவறவிட்டு 2006-இல் பத்தாவதாகப் போனார். அதே கல்லூரியின் மேட் பார்க்லி 2012-இல் தங்கி, தோளில் அடிபட்டு, 98-ஆவது இடத்துக்குச் சரிந்தார். ஆகவே தங்குவதும் ஒரு பந்தயமே.

சம்பள விதி இதை மேலும் முறுக்கிவிட்டது. 2010-இல் முதல் ஆளாகப் போன சாம் பிராட்ஃபோர்டுக்கு ஆறாண்டுக்கு 7.8 கோடி டாலர் ஒப்பந்தம். அதில் 5 கோடி உறுதி. 2011-இல் லீகும் சங்கமும் செய்துகொண்ட புதிய உடன்பாடு புதியவர்களின் சம்பளத்தைக் கட்டிப்போட்டது. அந்த ஆண்டு முதலாவதாகப் போன கேம் நியூட்டனுக்கு நான்காண்டுக்கு 2.2 கோடி மட்டுமே. தொடக்கச் சம்பளம் இவ்வளவு இறங்கினால் மாணவர்கள் அவசரப்படாமல் படிப்பை முடிப்பார்கள் என்று பலர் எதிர்பார்த்தார்கள். நடந்தது நேர்மாறு. முதல் ஒப்பந்தத்தில் காசு இல்லை என்றால், காசு இரண்டாம் ஒப்பந்தத்தில் இருக்கிறது. நான்காண்டு முடிந்தால்தான் இரண்டாவது வரும். அப்படியானால் அந்த நான்காண்டை எவ்வளவு சீக்கிரம் தொடங்கி முடிக்கிறோமோ அவ்வளவு நல்லது. 21 வயதில் போனவர் 25-இல் பேரம் பேசுகிறார். 23-இல் போனவர் 27-இல். அந்த இரண்டு வயதுக்கு ரன்னிங் பேக் சந்தையில் பெரிய விலை உண்டு. 2011-இல் சிறப்பு அனுமதி பெற்று முன்கூட்டியே டிராஃப்டுக்கு வந்தவர்கள் 56 பேர்; 2014-இல் 98.

டிசம்பரில் கல்லூரிகளில் இந்த முடிவு எடுக்கப்படும் விதம் வெளியே அதிகம் தெரியாது. என்.எஃப்.எல்.லின் ஆலோசனைக் குழுவுக்குக் கல்லூரி விண்ணப்பித்தால் ஒரு மதிப்பீடு வரும். முதல் சுற்று, இரண்டாம் சுற்று, இரண்டும் இல்லை என்ற மூன்றில் ஒன்று. மூன்றாவதற்குப் பொருள், கல்லூரியிலேயே இரு என்பது. தலைமைப் பயிற்சியாளர் அந்தத் தாளை மேசையில் வைத்துக்கொண்டு வீரரோடும் வீட்டாரோடும் பேசுவார். எதிரே இருப்பவர்கள் அந்தத் தாளை நம்புவதில்லை. தங்க வைப்பது பயிற்சியாளருக்கு லாபம் என்பது அவர்களுக்குத் தெரியும். நாலைந்து மாதமாகத் தொலைபேசியில் பேசிக்கொண்டிருக்கும் ஏஜென்ட்டோ ‘இரண்டாம் சுற்று உறுதி’ என்று சொல்லியிருப்பார். அவருக்கும் லாபம் உண்டு. அந்த மேசையைச் சுற்றி லாபம் இல்லாமல் பேசக்கூடியவர் அநேகமாகத் தாயார் மட்டுமே. அவரிடம் தகவல் இருப்பதில்லை. முன்கூட்டியே வந்தவர்களில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை டிராஃப்டில் எந்த அணியாலும் எடுக்கப்படாமல் போன ஆண்டுகள் அடுத்தடுத்து வந்தன.

ஆனால் அவர்கள் எல்லாரும் ஏமாந்தவர்கள் என்று சொல்லிவிட முடியாது. அலபாமாவின் ஜாஷ் ஜேகப்ஸ் சிறுவயதில் தந்தையோடு காரிலேயே தூங்கி வளர்ந்தவர். மூன்றாம் ஆண்டோடு 2019-இல் விலகினார், 24-ஆவதாக எடுக்கப்பட்டார், தந்தைக்கு ஒரு வீடு வாங்கிக் கொடுத்தார். ஸ்காலர்ஷிப் கல்விக் கட்டணத்தையும் தங்குமிடத்தையும் சாப்பாட்டையும் கொடுக்கும். தங்கையின் பள்ளிச் செலவையோ ஊரில் நிற்கும் வாடகை பாக்கியையோ கொடுக்காது. 2021 வரை, தன் பெயரில் விற்கும் சட்டையிலிருந்து ஒரு டாலர் பெற்றாலும் அந்த மாணவர் குற்றவாளி. எடுக்கப்படாமல் போகும் அபாயம் தெரிந்தே பலர் கிளம்பியது, வீட்டுக்கு அந்த ஆண்டே பணம் வேண்டியிருந்ததால்தான்.

விலகல் பருவம் முடியும்வரைகூடக் காத்திருப்பதில்லை. 2016 டிசம்பரில் ஸ்டான்ஃபோர்டின் கிறிஸ்டியன் மெக்காஃப்ரியும் லூசியானா ஸ்டேட்டின் லெனார்ட் ஃபோர்னெட்டும் பருவ இறுதி ‘பௌல்’ ஆட்டத்தில் ஆடுவதில்லை என்று அறிவித்தபோது பெரும் கண்டனம் எழுந்தது. சகாக்களைக் கைவிட்டார்கள் என்றார்கள். அதே டிசம்பர் 30 அன்று பௌல் ஆட்டத்தில் ஆடிய மிச்சிகனின் ஜேக் பட் முழங்கால் கிழிந்து ஐந்தாம் சுற்றுக்குச் சரிந்தார். மெக்காஃப்ரியும் ஃபோர்னெட்டும் முதல் எட்டுப் பேருக்குள் போனார்கள். அதன்பின் கண்டனக் குரல் ஆண்டுக்கு ஆண்டு தேய்ந்தது.

கல்லூரி மாறுவது இன்னொரு கதை. நெடுங்காலம், மாறுகிறவர் புதிய கல்லூரியில் ஓராண்டு ஆடாமல் உட்கார வேண்டியிருந்தது. பயிற்சியாளருக்கு அந்த விலங்கு கிடையாது. ஒரு பையனின் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து ‘நான்காண்டும் உன்னோடு இருப்பேன்’ என்று சொல்லிச் சேர்த்தவர், பத்து மாதத்தில் இரட்டிப்புச் சம்பளத்துக்கு வேறு ஊர் போவார். மறு சனிக்கிழமையே அங்கே அணியை நடத்தலாம். பையன் மட்டும் ஓராண்டை இழந்தால்தான் நகர முடிந்தது. 1973 முதல் ஸ்காலர்ஷிப்பும் ஓராண்டு ஒப்பந்தமாகவே இருந்தது. பல ஆண்டு ஸ்காலர்ஷிப்புக்கு 2012-இல்தான் அனுமதி வந்தது. புதிய பயிற்சியாளர் தனக்கு ஒத்துவராத வீரரை அழைத்து, ‘இங்கே உனக்கு ஆட வாய்ப்பு வராது, நீ வேறிடம் பார்ப்பது உனக்கே நல்லது’ என்று அன்பாகச் சொல்லி அனுப்புவார். வெளியே அது வீரரின் விருப்ப விலகல் என்றே அறிவிக்கப்படும். செய்தித்தாளில் வரும் விலகல்களில் கணிசமானவை இவ்வகைதான்.

2018 அக்டோபரில் ‘டிரான்ஸ்ஃபர் போர்ட்டல்’ என்ற கணினிப் பட்டியல் வந்தது. அதில் பெயர் ஏறிவிட்டால் எந்தக் கல்லூரியும் வீரரோடு பேசலாம்; பழைய பயிற்சியாளரின் அனுமதி தேவையில்லை. 2021-இல் ஒருமுறை உட்காராமல் மாறலாம் என்றானது. 2023 டிசம்பரில் நீதிமன்றம் தலையிட, 2024 முதல் படிப்பில் தகுதி இருந்தால் எத்தனை முறையும் மாறலாம். 2018-இல் வந்த இன்னொரு விதி, நான்கு ஆட்டங்களுக்குள் நிறுத்திக்கொண்டால் அந்தப் பருவம் கணக்கில் சேராது என்றது. புதியவர்களுக்கு வாய்ப்புக் கொடுப்பதற்காக எழுதப்பட்ட விதி அது. அந்த செப்டம்பரிலேயே கிளெம்சனின் குவார்ட்டர்பேக் கெல்லி பிரையன்ட், தன் இடம் முதலாண்டு மாணவர் டிரெவர் லாரன்ஸுக்குப் போனதும், நான்கு ஆட்டத்தோடு நிறுத்திவிட்டு மிசூரி போனார். குவார்ட்டர்பேக் இடத்தில் ஒருவர்தான் ஆட முடியும். மற்ற இடங்களில் இரண்டாம் வரிசை ஆட்டக்காரருக்கும் கொஞ்சம் ஆட்டம் கிடைக்கும், இங்கே கிடைக்காது. போர்ட்டலில் அந்த வகையினர் எப்போதும் நிறைந்திருப்பதற்குக் காரணம் இதுவே.

2021 ஜூலை 1 முதல் மாணவர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் விற்றுச் சம்பாதிக்கலாம். 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற சமரசத்தின்படி கல்லூரிகளே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம். முதலாண்டு வரம்பு கல்லூரிக்கு 2 கோடியே 5 லட்சம் டாலர். முன்பு இடமும் பயிற்சியாளரும் பிடிக்காமல் விலகியவர்களோடு இப்போது கூலி பேசி விலகுகிறவர்களும் சேர்ந்திருக்கிறார்கள். இதைக் கண்டு வருந்துகிறவர்கள், பயிற்சியாளர்கள் ஐம்பது ஆண்டுகளாக இதே வழியில் நடந்ததைக் கண்டு வருந்தியிருக்க வேண்டும்.

அதே பணம் மறுபுறம் வீரர்களைத் தங்கவும் வைத்திருக்கிறது. நான்காம் சுற்றில் போகக்கூடிய ஒருவருக்குக் கல்லூரியே அதற்கு இணையாகக் கொடுத்தால் அவர் ஏன் கிளம்ப வேண்டும்? 2019-இல் நூற்றுக்கும் மேற்பட்டோர் முன்கூட்டியே டிராஃப்டுக்கு வந்தார்கள். 2024-இல் அறுபதுக்கும் குறைவு. கேம் வார்ட் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. சான் அன்டோனியோவின் சிறிய கல்லூரியான இன்கார்னேட் வேர்டில் தொடங்கி, வாஷிங்டன் ஸ்டேட்டுக்கு மாறினார். 2024 ஜனவரியில் டிராஃப்டுக்குப் போவதாக அறிவித்து, இரு வாரத்துக்குள் அதைத் திரும்பப் பெற்று மயாமி பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 2025-இல் டென்னசி டைட்டன்ஸ் அவரை முதல் ஆளாக எடுத்தது.

இந்த வெளிச்சம் எதுவும் படாதவர்களும் பலர். தாயார் நோயில் விழுந்ததால் ஊருக்கு அருகே போக விரும்புகிறவர், மூன்றாவது தலைக்காயத்துக்குப் பின் மருத்துவர் ‘போதும்’ என்று சொன்னவர், ஒருநாள் விடியற்பயிற்சிக்கு எழுந்து இந்த ஆட்டம் தனக்குப் பிடிக்கவில்லை என்று கண்டுகொண்டவர். படிப்பால் போகிறவர்களும் உண்டு. இரண்டாம் ஆண்டு முடிவில் பட்டப்படிப்பின் 40 விழுக்காடு, மூன்றாம் ஆண்டில் 60, நான்காம் ஆண்டில் 80 முடித்திருக்க வேண்டும் என்பது விதி. கல்லூரி மாறும்போது பழைய பாடங்கள் சிலவற்றைப் புதிய கல்லூரி ஏற்காது. இரண்டு முறை மாறியவருக்கு அந்த விழுக்காடு உதைக்கத் தொடங்கும். கடைசியில் தனக்கு விருப்பமான பாடத்தை விட்டுவிட்டு, முடித்த பாடங்களை எந்தப் பட்டம் ஏற்குமோ அதில் சேர்கிறார்.

அணியின் கல்வி ஆலோசகர்கள் டிசம்பரில் படும் பாடு தனி. ஸ்காலர்ஷிப் பெறும் ஒவ்வொரு வீரருக்கும் ஒவ்வொரு கல்விப் பருவத்திலும் இரண்டு புள்ளி: படிப்பில் தகுதியோடு இருந்தால் ஒன்று, கல்லூரியில் தொடர்ந்தால் ஒன்று. தேர்வு எழுதாமல் கிளம்பியவரால் இரண்டும் போகும். இந்தப் புள்ளிகளிலிருந்து ஆயிரத்துக்குக் கணக்கிடும் அணியின் மதிப்பெண் 930-க்குக் கீழே இறங்கினால் பௌல் ஆட்டத்துக்குத் தடை வரலாம். ஆகவே பெட்டி கட்டிவிட்ட வீரரின் அறைக்கே போய், ‘தேர்வை மட்டும் எழுதிவிட்டுப் போ’ என்று கேட்பார்கள். அந்த வேண்டுகோள் அணியின் நலனுக்காகத்தான் எழுகிறது. ஆனால் அதற்குச் செவிசாய்த்தவர்களுக்கே பின்னாளில் பயன் கிடைத்தது. ஜனவரியில் கிளம்புகிறவர் ஃபுளோரிடாவிலோ அரிசோனாவிலோ ஒரு பயிற்சிக்கூடத்துக்குப் போய், இண்டியானாபொலிஸில் நடக்கும் என்.எஃப்.எல். தேர்வு முகாமில் ஓடப்போகும் 40 கஜ ஓட்டத்துக்காக இரண்டு மாதம் உழைப்பார். வகுப்பு நினைவிலேயே இருக்காது. டிசம்பர் தேர்வை எழுதியவர் என்றைக்கு வேண்டுமானாலும் விட்ட இடத்திலிருந்து தொடங்கலாம். எழுதாமல் போனவர், தோற்ற பாடங்களை முதலில் மீட்க வேண்டும்.

1990-இல் விதி திறந்த முதல் ஆண்டிலேயே ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தை விட்டுப் போனவர் எமிட் ஸ்மித். படிப்பை முடிப்பதாகத் தாயாருக்கு வாக்குக் கொடுத்திருந்தார். டாலஸ் அணிக்காக என்.எஃப்.எல். இறுதிப்போட்டியான சூப்பர் பௌலை மூன்று முறை வென்ற காலத்திலேயே விடுமுறைகளில் வகுப்புக்குப் போய் 1996-இல் பட்டம் வாங்கினார். அவரிடம் பணம் இருந்தது. எடுக்கப்படாமல் போனவரிடமும், இரண்டாண்டு ஆடி முழங்காலோடு திரும்பியவரிடமும் அது இருப்பதில்லை. அவர்களுக்காகத்தான் 2024 ஆகஸ்ட் 1 முதல் ஒரு விதி நடைமுறையில் இருக்கிறது. முழு ஸ்காலர்ஷிப் பெற்று ஆடியவர், ஆடும் தகுதி முடிந்த பின்னும் பத்தாண்டுகள் வரை, படிப்பை முடிக்கும் செலவைத் தன் கல்லூரியிடம் கேட்கலாம். ஆனால் அவர்தான் போய்க் கேட்க வேண்டும். விலகும் வீரரிடம் சீருடையையும் அலமாரிச் சாவியையும் திரும்ப வாங்கும் அலுவலகம், இந்த விதியை ஒரு தாளில் எழுதி அவர் கையில் கொடுத்து அனுப்ப வேண்டும்.